பாதைக்கு எட்டில் ஒன்று

சாதாரண தரப் பரீட்சையின் கணிதத் தாளில் ஒரு மனிதர் அடிக்கடி வருவார். அவருக்கு ஒரு காணி இருக்கும். அதில் மூன்றில் ஒன்றை மகனுக்குக் கொடுப்பார். மீதியில் காற்பங்கை மகளுக்குக் கொடுப்பார். அதோடு நிற்கவும் மாட்டார். மிஞ்சியதில் பாதியைக் கோயிலுக்கு எழுதிவைத்துவிட்டு, இப்போது என்னிடம் என்ன பங்கு இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்பார். எனக்கு இந்த மனிதரைக் கண்டாலே எரிச்சல். மட்டக்களப்பில் எந்தத் தகப்பன் மகனைக் கூப்பிட்டு முதலில் காணி கொடுக்கிறான்? இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எங்கேயோ இருந்து கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும்? நான் கரும்பலகையில் எழுதும்போது ‘மகன்’ என்பதை விட்டுவிட்டு ‘மூத்த மகள்’ என்று போடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், கணக்கும் கொஞ்சம் விளங்கும்.

விளங்காமல் நிற்பது ‘மீதி’ என்ற இடத்தில்தான். மீதியில் கால் என்று கேள்வி சொல்லும். பிள்ளைகள் முழுக்காணியில் கால் எடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். எத்தனை வருடம் படிப்பித்தாலும் இந்தப் பிழை மட்டும் புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது. அதனால் யாராவது ‘கால்’ என்றாலோ ‘அரை’ என்றாலோ என் வாயில் தானாக வரும் கேள்வி, “எதில?” பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே ‘எதில மிஸ்’. எனக்கு அது தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட என் தலையில்தான், என்னுடைய கையாலேயே, மிளகாய் அரைத்தார்கள்.

எங்கள் அம்மாவின் வளவு செட்டிபாளையத்தில் இருக்கிறது. நீட்டுப்பாட்டில் கிடக்கிற வளவு. முன்னால் ரோட்டு, பின்னால் ஆறு. வாவி என்று புத்தகத்தில் படிப்பித்தாலும் எங்கள் வாயில் அது ஆறுதான். வீடு ரோட்டுப் பக்கம். கிணறு வளவின் சரிநடுவைக் கொஞ்சம் தாண்டி, பின்பாதியின் தொடக்கத்தில் இருக்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோது ஆற்றுப் பக்கத்தில் இரண்டு இடம் தோண்டிப் பார்த்தார், இரண்டும் உவர். அந்த ஓர் இடத்தில் மட்டும் நல்ல தண்ணீர். ரோட்டுக்கரை வீடுகளுக்குக் குழாய் வந்துவிட்டதுதான். ஆனால் கோடையில் அந்தக் குழாயைத் திறந்தால் கிழவர் மாதிரி இருமும், தண்ணீர் வராது. எங்கள் கிணறு வற்றி நான் கண்டதில்லை. அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் நிறமே வேறு.

அக்காவின் கலியாணத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்க அம்மா சொன்னார்: “வீடு மூத்தவளுக்கு. கிணத்தடி இளையவளுக்கு. நடுவால பிரிச்சா ரெண்டு பேருக்கும் சரி.” எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. வீடு கிடைக்காத கவலை எனக்குத் துளியும் இருக்கவில்லை. கிணறு என்னுடையது என்று சிநேகிதிகளிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அக்கா தண்ணீர் அள்ள வந்தால், “கேட்டிட்டு அள்ளு” என்று சீண்டுவேன். அவள் வாளித் தண்ணீரை என் மேல் வீசிவிட்டுப் போவாள்.

பிறகு எனக்கும் கலியாணமாகி, நாவற்குடாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் மேல்மாடியில். நாங்கள் ஆணி அடித்தால் அவர் இறங்கி வந்துவிடுவார். என் கணவர் கடதாசியில் ஒரு வீடு வரைந்து வைத்திருந்தார். இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி. குசினி யன்னலைத் திறந்தால் கிணறு தெரியவேண்டும் என்பது மட்டும் என் கட்டளை. ஒவ்வொரு முறை அம்மாவைப் பார்க்கப் போகும்போதும் ஒரு பிளாஸ்டிக் கேன் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி வருவோம். வீடு கட்டும் வரைக்கும் அதில் தேநீர்.

வளவைப் பிரித்து எழுதித் தாருங்கள் என்று நாங்கள் கேட்டதும் அம்மா உடனே சம்மதித்தார். ரோட்டிலிருந்து ஆறுவரைக்கும் ஒரு பக்கமாகப் பாதை விடவேண்டும் என்று பேச்சு வந்தது. அது நியாயம். என் பின்வளவுக்கு நான் போகவேண்டும். அக்காவின் கணவர், என் அத்தான், ஆற்றில் மீன்பிடிக்கிறவர். அவருடைய தோணி வளவின் பின்கரையில்தான் கட்டியிருக்கும். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் அவர் நடக்கிற வழி அது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பாதை. அதைப் பற்றி நான் வேறெதுவும் யோசிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அக்கா தொலைபேசியில் எடுத்தாள்.

அக்காவுக்கும் கணக்குக்கும் என்றைக்கும் ஆகாது. படிக்கிற காலத்தில் கணக்குப் பாடம் என்றால் அவளுக்குத் தலையிடி வரும், அதுவும் உண்மையான தலையிடி, தைலம் பூசிக்கொண்டு படுப்பாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு, “புள்ளைக்கு ஒரு கணக்கு விளங்கல்லியாம் கா. நீ சொன்னா நான் எழுதிக் குடுப்பன்” என்றாள். எங்கள் ஊரில் பெண்களுக்குள் வயது பார்க்காமல் போடுகிற ‘கா’ அது. அவளுடைய மகள் தரம் பத்து. எனக்கு அப்படியொரு சந்தோசம். கோயில் சடங்கு, செத்தவீடு, அம்மாவின் மருந்து, இவை தவிர எங்களுக்குள் பேச்சுக் குறைந்துபோய் எவ்வளவோ காலம். இப்போது பிள்ளையின் படிப்பு என்று என்னைத் தேடி வந்திருக்கிறாள். உலையில் போட்ட அரிசியைக்கூடக் கவனிக்காமல் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் வாசித்தாள், அல்லது வாசிப்பது போலச் சொன்னாள். “ஒராள்ட தோட்டம். நீளமான தோட்டம். ஒரு பக்கத்தால முன்னுக்கிருந்து பின்னுக்குப் பாதை போகுது. பாதைக்கு முழுத்தோட்டத்தில எட்டில ஒண்டு. மிச்சத்தை ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு? அப்படியில்லாம, பாதை முழுக்கப் பின்னுக்கு இரிக்கிற ஆள்ட பாதியில கழிச்சா, ஆளுக்கு எவ்வளவு?”

“நல்ல கணக்குக் கா,” என்றேன். மெய்யாகவே நல்ல கணக்கு. இரண்டு பகுதியிலும் ‘எதில்’ என்பது மாறுகிறது. ஒரு செவ்வகம் கீறச் சொன்னேன். பதினாறு பங்காகப் பிரிக்கச் சொன்னேன். பாதைக்கு இரண்டு பங்கு போகும். முதல் முறையில் மிஞ்சிய பதினாலைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஏழு. இரண்டாவது முறையில் முன்னுக்கு இருப்பவர் முழுத்தோட்டத்திலும் பாதி எடுத்துக்கொள்கிறார், எட்டு. பின்னுக்கு இருப்பவரின் எட்டில் பாதைக்கான இரண்டும் போய் ஆறு.

“இதில எந்த முறை சரி?” என்று கேட்டாள்.

“ரெண்டும் சரிதான். கேள்வியில எப்படித் தந்திரிக்கோ அப்படிச் செய்யிற.”

“ரெண்டாவது முறையில நடுக்கோடு எங்க வரும்?”

இதைக் கேட்டதும் நான் கொஞ்சம் அசந்துபோனேன். பத்தாம் வகுப்புக்குக் கொஞ்சம் மேலான கேள்வி. முதல் முறையில் கோடு சரிநடுவில் விழும். இரண்டாவது முறையில் அது பின்னுக்குத் தள்ளும், நீளத்தில் ஏழில் நாலில் விழும் என்று செய்து சொன்னேன். “ஏழில நாலா? திருப்பிச் சொல்லு” என்றாள். திருப்பிச் சொன்னேன். அதோடு விடவில்லை, செவ்வகத்தை நானே அழகாகக் கீறி, பாதைக்கு நீல நிறம் தீட்டி, படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘நல்ல கணக்குத் தந்த மிஸ்ஸுக்கு என் பாராட்டைச் சொல்லு.’

அடுத்த நாள் அதே கணக்கை என் வகுப்பிலும் போட்டேன். பிள்ளைகள் செய்துகொண்டிருக்கும்போது முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பினாள். “மிஸ், பாதையால ரெண்டு வீட்டாக்களும்தானே போறவங்க? ஏன் ஒராள்ட பங்கில மட்டும் கழிக்கிற?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. “கணக்கில அப்படித் தந்திரிக்கு. தந்ததைச் செய் புள்ள” என்று அவளை உட்கார வைத்தேன்.

சேவையர் வந்து வளவை அளந்த நாளன்று எனக்குப் பள்ளிக்கூடம். முடிந்ததும் கணவரின் மோட்டார் சைக்கிளில், பின்னால் வெறும் கேனைக் கட்டிக்கொண்டு, பேக்கரியில் கேக்கும் வாங்கிக்கொண்டு போனோம். நாங்கள் போகும்போது எல்லைக் கட்டைகள் அடித்தாகிவிட்டது. தலையில் சிவப்பு மை பூசிய புதுக் கட்டைகள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கிணற்றடிக்குப் போனேன். கட்டை கிணற்றுக்குப் பின்னால் நின்றது.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. சேவையரின் ஆட்கள் பிழையாக அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பாவம், வெயிலில் நின்ற களைப்பு. “ஐயா, கட்டை மாறிப் போச்சுப் போல. கிணறு பின்காணிக்குள்ள வரணும்” என்றேன்.

அவர் மடித்த படத்தை விரித்துக் காட்டினார். “மாறல்ல டீச்சர். பாதைக்கு எட்டில ஒண்டு. முன்காணிக்கு அரை. பின்காணிக்கு எட்டில மூண்டு. நீளத்தில ஏழில நாலில கோடு. வீட்டுக்காரங்க எல்லாம் வடிவாப் பார்த்து வச்சிருந்தாங்க. எங்களுக்கு வேலை லேசாப் போச்சு.”

ஏழில் நாலு. என் வாயில் இருந்து போன சொல், ஊரெல்லாம் சுற்றி, சிவப்பு மை பூசிக்கொண்டு வந்து கிணற்றுக்குப் பின்னால் நின்றது.

அக்காவின் மகள் சேவையருக்குத் தேநீர்த் தட்டோடு வந்தாள். அவளைப் பார்த்ததும் கடைசியாக ஒரு நப்பாசை. எதேச்சையாக இருக்கக்கூடாதா? ஒரு மிஸ் எங்கேயோ இருந்து அப்படி ஒரு கணக்குக் கொடுத்திருக்கக்கூடாதா? “உங்கட மிஸ் ஒரு தோட்டக் கணக்குத் தந்தாவே, பாதை போற கணக்கு, அது சரி வந்ததா?” என்று கேட்டேன். பிள்ளை விழித்தாள். “என்ன கணக்குச் சின்னம்மா? எங்களுக்கு இந்தத் தவணை முழுக்க வட்டம்தானே படிப்பிக்காங்க.”

குசினிக்குப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வந்து நிற்பது தெரிந்தும் தலையை நிமிர்த்தவில்லை.

“புள்ளைட கணக்கெண்டுதானே என்னட்டக் கேட்டாய்?”

துருவுகிற கை நிற்கவில்லை. “நீதானே சொன்னாய், ரெண்டு முறையும் சரியெண்டு” என்றாள்.

ஒரு வகுப்பையே வாயடைக்க வைக்கிறவள் நான். அந்தக் குசினியில், தேங்காய்ப்பூ கிண்ணத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு, பேசத் தெரியாதவள் மாதிரி நின்றேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அது இப்படித்தான் இருக்குமென்று அதுவரை எனக்குத் தெரியாது. என் கூடப் பிறந்தவள். நான் காய்ச்சலில் கிடந்தால் தன் பாயை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுப் படுத்தவள். கிணறு வேண்டுமென்றால் நேரே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியாது. நிச்சயமாகச் சண்டை பிடித்திருப்பேன். ஆனால் அது என்னோடு பிடித்த சண்டையாக இருந்திருக்கும். இது என்னை வெளியே நிறுத்திவிட்டு, என்னிடமே விடை வாங்கிச் செய்த வேலை. அந்தப் பாராட்டை வேறு எழுதி அனுப்பினேனே, அதை அவளும் அத்தானும் எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அம்மா உள்ளறையில் கட்டிலில் இருந்தார். எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அம்மாவுக்கு விசயம் தெரியாது என்பதுதான். முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. வெற்றிலையை மெல்லாமல் வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அடி விழப்போகும் நாட்களில் அவர் அப்படித்தான் இருப்பார். இந்த முறை யாருக்கு அடி என்று எனக்கு விளங்கவில்லை.

“சபையில சொன்ன சொல்லு என்னம்மா? கிணத்தடி இளையவளுக்கெண்டு சொன்னீங்களே.”

“உனக்குத் தண்ணியில்ல எண்டு ஆர் சொன்ன, மகள்? எப்பயும் வந்து அள்ளலாம். ஆரும் தடுக்கிறல்ல.”

“என்ட கிணத்தில நான் கேட்டு அள்ளுறதா?”

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, குசினிக்குக் கேட்காதபடி, “நான் படுக்கிற அவள்ட வீட்டில. எனக்குச் சோறு போடுற அவள். நீ பெரிய கணக்கு டீச்சர். அதையும் கணக்கில சேர்த்துப் பாரன்” என்றார்.

“அப்ப என்னோட வாங்க.”

“வாடகை வீட்டுக்கா?” என்று கேட்டார் அம்மா. நக்கலாகக் கேட்கவில்லை. நிசமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டையும் எடைபோட்டு, எது தன் சாவுவரைக்கும் நிலைக்கும் என்று பார்த்து, அதற்கு விலையாக என் கிணற்றைக் கொடுத்திருக்கிறார். அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. விளங்கியதால் வலி குறைந்தது என்று சொன்னால் அது பொய். என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் இருத்தி, மகள், நான் அவளை அண்டி இருக்கிறேன், நீ விட்டுக்கொடு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அம்மா கேட்டால் மறுக்கிற பிள்ளை நான் என்று எதை வைத்து முடிவு செய்தார்?

கேக்கைப் பிரிக்காமலே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வந்து பார்த்தால், அக்கா எங்கள் கேனைக் கிணற்றில் நிரப்பி, மூடியை இறுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றார். வருகிற யாரையும் வெறுங்கையோடு அனுப்பாமல் எதையாவது கட்டிக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அன்றைக்கு முதல் தடவையாக நானும் அந்த வீட்டுக்கு ‘வருகிற யாரோ’ ஆகிவிட்டேன். அவிழ்த்துக் கீழே ஊற்றியிருக்க வேண்டும். வீதியில் போவோர் வருவோர் பார்க்க அதைச் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதில் தேநீர் போட்டேன். அநியாயத்துக்கு நன்றாக இருந்தது.

காணிப் பத்திரமான உறுதியை எழுதுகிற நாளில் நொத்தாரிசின் அறையில் கையெழுத்தும் வைத்தேன். என் கணவர், “வழக்கென்று போனால் அம்மாவைத்தான் நீதிமன்றத்தில் ஏற்ற வேண்டும், உன்னால் ஏலுமா?” என்று கேட்டார். ஏலாது. அம்மா என் பக்கத்தில் நின்று, நான் பேனையை எடுக்கும்வரைக்கும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் நான் அவருடைய தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது போல. எட்டில் மூன்று என்னுடையதாயிற்று. கணவர் வீட்டுப் படத்தை எடுத்துக் குசினியை மறுபக்கத்துக்கு மாற்றி வரைந்தார். யன்னலைத் திறந்தால் இப்போது அத்தானின் தோணி தெரியும்.

அந்தக் கணக்கை வகுப்பில் நான் பிறகு தரவேயில்லை. ஆனால் முன்வரிசைப் பிள்ளையைப் பார்க்கிற போதெல்லாம் அவள் கேட்டது காதில் விழும். ஏன் ஒராள்ட பங்கில மட்டும் கழிக்கிற? நல்ல கேள்வி கேட்ட பிள்ளையைத் தந்ததைச் செய் என்று உட்கார வைத்தது என் தொழில். எனக்கும் அதையே செய்துவிட்டார்கள். தந்தார்கள், செய்தேன்.

அக்காவோடு பேச்சு நின்றுபோனது. அம்மாவைப் பார்க்கப் போனால் வளவின் பக்கத்துப் பாதையால் போய், பார்த்துவிட்டு, அதே பாதையால் வந்துவிடுவேன். கேன் கொண்டுபோவதில்லை.

போன கிழமை அக்காவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறி எடுத்தேன். அவள் ஒன்றுமே நடக்காத குரலில், “புள்ளைக்கு சோதினை வருகுது கா. பின்னக் கணக்கு ஒண்டு வரமாட்டன் எண்டு நிக்கி. சொல்லித் தாறியா?” என்றாள்.

வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லலாம் என்று நினைத்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்: “புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பு. பக்க இலக்கமும் தெரியணும்.”

நான் ஏன் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கட்டும் என்றுதான் கேட்டேன். கூடப் பிறந்தவளிடம் அத்தாட்சி கேட்கிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவள் அவள்தான். “ஓம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. மெய்யான புத்தகம், மெய்யான கணக்கு. மூன்றில் ஒன்றை மகனுக்குக் கொடுக்கிற அதே மனிதர். பக்க இலக்கமும் தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சத்துக்காக வெளியே கொண்டுவந்து எடுத்திருக்கிறார்கள். புத்தகத்தை விரித்து வைத்திருந்தது கிணற்றுக் கட்டின் மேல். கட்டுக்குப் புதிதாக நீலம் அடித்திருந்தார்கள், நான் பாதைக்குத் தீட்டி அனுப்பிய அதே நீலம். புத்தக மூலைக்கு அப்பால் வாளியும், வாளியில் ததும்பத் ததும்பத் தண்ணீரும்.

பிள்ளை என்ன செய்தது, பாவம். செவ்வகத்தைக் கீறி, பங்குகளைப் பிரித்து, மீதி எது என்று அம்புக்குறி போட்டுக் காட்டி, கணக்கைச் செய்து அனுப்பினேன். நிறம் தீட்டவில்லை.